சாயத்தில் பிறந்த மருந்து

நீரடிமுத்து, சாய வேதியியல், கல்பாசி, பைன் காட்டு மண். தொழுநோயை வெல்லும் மருந்துகள் வந்த வழிகள் இவை. மும்பையில் அந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. கேட்டு வாங்க வருபவர்களின் தயக்கத்துக்குத்தான் இன்னும் மருந்து இல்லை.

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு பரண், கதவுக்கு வெளியே தண்ணீர்க் குடங்கள். இப்படிப்பட்ட வீடுகளில் தொழுநோயைத் தேடி வரும் சுகாதாரப் பணியாளர் செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். தோலில் வெளிறிய தேமல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் பேனா முனையால் மெதுவாகத் தொட வேண்டும். "கண்ணை மூடிக்குங்கக்கா. நான் தொட்ட இடத்துல விரலை வைங்க." தேமலைத் தொட்டபோது மட்டும் விரல் எழாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

சோதனை எளிது. ஆனால் அந்தச் சந்துகளில் பகல் வெளிச்சம் அரிது, மறைவு அதைவிட அரிது. பக்கத்து வீட்டுக்குத் தும்மல் கேட்கும் இடத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டச் சம்மதிப்பது சுலபமல்ல. காட்டிய பிறகு மனதில் எழும் முதல் கேள்வியும் 'இது குணமாகுமா?' என்பதாக இருப்பதில்லை. 'யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிட முடியுமா?' என்பதே அது.

குணமாகுமா என்ற கேள்விக்கு மருத்துவம் பதில் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது கேள்விக்குத்தான் இன்றுவரை நேரான பதில் இல்லை. இதற்கு ஊராரின் பயம் ஒரு காரணம். மற்றொரு காரணம் மருந்துக்குள்ளேயே இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும்.

மாட்டுங்காவின் மதில்

தாராவிக்குத் தெற்கே சிறிது தூரத்தில் மாட்டுங்கா. தென்னிந்திய உணவகங்களும் பூக்கடைகளும் கோயில்களுமாக மும்பைத் தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான பகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாய் மருத்துவ வட்டாரங்களில் அந்தப் பெயருக்கு வேறொரு பொருளும் இருந்தது. தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்த தொழுநோயாளிகளை அடைத்துவைக்க 1890-ல் அங்கே ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. அதை ஏற்படுத்தியவர் அப்போதைய மாநகராட்சி ஆணையர் ஹெச்.ஏ. ஆக்வொர்த். மராத்தியக் கதைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் இவரே. இன்று வடாலா முகவரியில் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையாக இயங்குவது அந்தக் காப்பகம்தான்.

காப்பகத்தில் பொறியியல் சாதனைக்குக் குறைவில்லை. 1890களின் இறுதியிலேயே அங்கே கழிவிலிருந்து எரிவாயு எடுத்து விளக்கெரித்தார்கள். சாண எரிவாயு பற்றிய இந்திய வரலாறுகள் இன்றும் மாட்டுங்காவைக் குறிப்பிடுகின்றன. விளக்குக்கு வழி கண்டவர்களிடம் நோய்க்கு வழி இல்லை. கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் 1873-ல் ஹான்சன் அதை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். ஆனால் அதைக் கொல்ல எதுவும் கையில் இல்லை. இருந்தது மதில் ஒன்றுதான். 1898-ல் வந்த தொழுநோயாளிகள் சட்டம் அந்த மதிலை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது.

முற்றிலும் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நீரடிமுத்து இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் நீரடிமுத்து. மரவெட்டி என்றும் அதற்குப் பெயர். அதன் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்குப் பயன்பட்டது. வடகிழக்கிலும் பர்மாவிலும் வளரும் அதன் உறவு மரம் சால்முக்ரா. வங்காளத்தில் பணியாற்றிய ஃப்ரெடரிக் மவாட் என்ற மருத்துவர் 1854-ல் சால்முக்ரா பற்றி எழுதிய பிறகு மேற்கத்திய மருத்துவம் அதைக் கையில் எடுத்தது. அடுத்த 90 ஆண்டுகள் உலகம் முழுவதும் தொழுநோய்க்கு அதுவே முக்கிய மருந்து.

அதைச் சாப்பிடுவது தண்டனை. குமட்டும், வாந்தி வரும். ஊசியாகப் போட்டால் எண்ணெய் உடலில் கலக்காமல் தோலுக்கடியில் கட்டிகளாக நிற்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஹவாயில் இருந்த ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர். எண்ணெயின் அமிலங்களை உடல் ஏற்கும் எஸ்டர்களாக மாற்றும் முறையை 1915-16-ல் அவர் கண்டறிந்தார். 1916-ல், 24 வயதிலேயே இறந்துவிட்டார். அவருடைய முறையை வேறொருவர் தன்னுடையது போல வெளியிட்டார். ஆலிஸின் பங்கைச் சக மருத்துவர் ஒருவர் 1922-ல் எழுதி வைத்ததால்தான் அந்தப் பெயர் பிழைத்தது. மருந்துகளின் வரலாற்றில் மூலப்பொருளைவிட எளிதாகத் தொலைந்துபோவது மனிதர்களின் பெயர்.

எண்ணெய் சிலருக்குப் பலன் தந்தது, பலருக்குத் தரவில்லை. மதில் அப்படியே நின்றது.

சாயமும் மருந்தும்

அடுத்த திருப்பம் மரத்திலிருந்து வரவில்லை. சாய வேதியியல் கொடிகட்டிப் பறந்த ஜெர்மனியிலிருந்து வந்தது. ஃப்ரைபர்க் நகரில் 1908-ல் ஃப்ரோம், விட்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு புதிய சேர்மத்தைத் தயாரித்தார்கள். எந்த நோயையும் மனதில் வைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. கந்தகம் கலந்த அந்த வெண்பொடி ஏறத்தாழ 30 ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. அதுதான் டாப்ஸோன்.

அலமாரியைத் திறக்க வைத்தது ஒரு சிவப்புச் சாயம். பேயர் நிறுவனத்தின் ப்ராண்டோசில் என்ற சாயப் பொருள் எலிகளை ரத்தத் தொற்றிலிருந்து காப்பாற்றுகிறது என்று கெர்ஹார்ட் டோமாக் 1935-ல் அறிவித்தார். அதே ஆண்டில் பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தினர், குணப்படுத்துவது சாயமல்ல, உடலுக்குள் அதிலிருந்து பிரியும் சல்ஃபனிலமைடு என்று காட்டினார்கள். உடனே அதன் உறவினர்களைத் தேடும் வேட்டை தொடங்கியது. 1937-ல் டாப்ஸோன் வலையில் சிக்கியது. கிருமிக்கு எதிராகக் கடுமை, ஆனால் அப்போது கொடுத்த அளவில் உடலுக்கும் கடுமை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனை. அங்கே 1941-ல் கை ஃபாகெட் என்ற மருத்துவர் டாப்ஸோனிலிருந்து பெற்ற ப்ரோமின் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். ஆறாத புண்கள் ஆறின. வரலாற்றில் முதன்முறையாக ஒரு மருந்து தொழுநோயைத் தெளிவாகப் பின்வாங்க வைத்தது.

ஆனால் ப்ரோமினை நாள்தோறும் நரம்பில் ஏற்ற வேண்டும், விலையும் அதிகம். ஏழை நாடுகளுக்கு அது எட்டாக் கனி. இந்த இடத்தில் கதை தமிழ்நாட்டுக்கு வருகிறது. செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த ராபர்ட் காக்ரேன், எல்லோரும் ஒதுக்கிவைத்த மூல டாப்ஸோனையே எண்ணெயில் கலந்து 1946 வாக்கில் ஊசியாகக் கொடுத்தார். அளவைக் குறைத்தால் உடல் தாங்குகிறது என்பது தெரிந்தது. சில ஆண்டுகளில் நைஜீரியாவில் ஜான் லோ அதையே மாத்திரையாகக் கொடுத்து வெற்றி கண்டார். சில பைசா விலையில் ஒரு வெள்ளை மாத்திரை. இந்தியா 1955-ல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அதை நம்பித்தான் தொடங்கியது.

சாயத்துக்கும் மருந்துக்கும் இருக்கும் இந்த உறவு மாட்டுங்காவுக்குப் புதிதல்ல. சென்னையில் 1901-ல் பிறந்த கே. வெங்கடராமன், பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறையின் முதல் இந்திய இயக்குநராக 1938-ல் பொறுப்பேற்றார். சாய வேதியியலில் உலகம் மதித்த பெயர் அவருடையது. அவர் காலத்தில், 1943-ல், அந்தத் துறை மாட்டுங்காவுக்குக் குடிபெயர்ந்தது. தொழுநோய்க்கு அவர் மருந்து செய்யவில்லை. ஆனால் சாயத் தொழிலுக்கும் மருந்துத் தொழிலுக்கும் தேவையான ஆட்களை ஒரே வளாகம் தயார் செய்தது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அங்கே படித்தவர். இந்தியா மலிவு விலை மருந்துக்குப் பெயர் பெற்றதன் பின்னணியில் இப்படிப்பட்ட வகுப்பறைகள் உண்டு.

கல்பாசியும் காட்டு மண்ணும்

ஒரே மாத்திரையை ஆண்டுக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும் கொடுத்ததன் விலை விரைவில் தெரிந்தது. டாப்ஸோனுக்கு அடங்காத கிருமிகள் இருப்பதை மலேசியாவில் பெட்டிட், ரீஸ் ஆகிய இருவரும் 1964-ல் நிரூபித்தார்கள். தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்க்க முடியாது. எலியின் பாதத்தில்தான் வளர்க்க வேண்டும். அது ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால் புது மருந்து தேடுவது பொறுமையின் எல்லையைச் சோதிக்கும் வேலை.

புது மருந்துகள் இரண்டுமே வேறு நோய்க்காகத் தேடப்பட்டவை. டப்ளினில் வின்சென்ட் பேரியின் குழு காசநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் தொடங்கிய இடம் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் ஒரு வகைப் பாசி. செட்டிநாட்டுக் குழம்பில் மணத்துக்குப் போடும் கல்பாசிக்கு அது தூரத்து உறவு. அதிலிருந்து கிடைத்த ஒரு பொருளை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனபோது 1954-ல் பி663 என்று எண்ணிட்ட ஒரு செந்நிறச் சேர்மம் கிடைத்தது. காசநோயில் எதிர்பார்த்த பலன் அப்போது கிடைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது பலித்தது. அதுதான் க்ளோஃபாசிமின். மருந்தாக இருந்தாலும் பிறவியில் அது ஒரு சாயம்.

மற்றொன்று ரிஃபாம்பிசின். பிரான்ஸின் தென்கடற்கரையில் ஒரு பைன் காட்டில் எடுத்த மண்ணை 1957-ல் மிலான் நகரின் லெபெட்டிட் ஆய்வுக்கூடம் சோதித்தது. மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் புதுவகை எதிர்ப்பொருளைச் சுரந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தின் பெயரையே ஆய்வாளர்கள் செல்லப் பெயராக வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் 1960களின் நடுவில் பிறந்தது ரிஃபாம்பிசின். ஒரே வேளை மருந்தில் தொழுநோய்க் கிருமிகளில் மிகப் பெரும்பான்மை செத்துவிடும். நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவும் ஆற்றல் சில நாட்களில் போய்விடும்.

மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1981-ல் ஜெனீவாவில் கூடி முடிவு செய்தது. இதுவே கூட்டு மருந்துச் சிகிச்சை. ரிஃபாம்பிசின் மாதம் ஒருமுறை, பணியாளரின் கண்முன். மற்றவை நாள்தோறும் வீட்டில். விலையுயர்ந்த மருந்தை மாதம் ஒருமுறை கொடுத்தாலே போதும் என்பது ஏழை நாடுகளுக்குப் பெரிய ஆறுதல். இந்தியத் திட்டம் 1983-ல் இதற்கு மாறியது. 1995 முதல் உலகெங்கும் மருந்து இலவசம்.

தாராவி இதற்காக 1983 வரை காத்திருக்கவில்லை. டாக்டர் ஆர். கணபதி 1976-ல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், சயானிலிருந்து செம்பூர் போகும் சாலையில் சுனாபட்டியைத் தளமாகக் கொண்டது. தொழுநோய் கிராமத்து நோய் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் மாநகரச் சேரிகளை நோக்கி மருத்துவத்தை நகர்த்தியவர்களில் அவர் முன்னோடி. பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, தேமலைத் தொடக்கத்திலேயே பிடிப்பது அந்தக் குழுக்களின் வழி. நோய் மிகுந்த மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களுள் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துத் தமிழர்களும் உண்டு. மதிலுக்குள் நோயாளியைக் கொண்டுபோவதற்குப் பதிலாக மருந்து சந்துக்குள் வந்தது.

பலன் கண்கூடு. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் 10,000 பேருக்கு 57 பேர் என்ற அளவில் நோயாளிகள் இருந்தார்கள். 2005 டிசம்பரில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக அரசு அறிவித்தது. நீங்கியது கணக்கிலிருந்து. ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

முகத்தில் எழுதும் மாத்திரை

மூன்று மருந்துகளில் டாப்ஸோன் தடம் விடுவதில்லை. ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், மறுநாள் தெளிந்துவிடும். க்ளோஃபாசிமின் அப்படியல்ல. சாயமாகப் பிறந்த அந்த மருந்து சாயத்தின் குணத்தை விடவில்லை. தோலில் படிகிறது. சில மாதங்களில் முகமும் கைகளும் செம்மை கலந்த கருமையாக மாறுகின்றன. தேமல் இருக்கும் இடங்களில் நிறம் இன்னும் அடர்த்தி. மருந்தை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும். அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

மருத்துவப் புத்தகத்தில் இது ஆபத்தில்லாத பக்க விளைவு. தாராவிச் சந்தில் இது விளம்பரப் பலகை. முதுகில் ஒரு தேமலோடு யாருக்கும் தெரியாமல் இருந்தவர், குணமாகத் தொடங்கும்போதுதான் அக்கம்பக்கத்தின் கண்ணில் படுகிறார். வெயில் என்றும் மஞ்சள் காமாலை என்றும் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க வரும் நேரத்தில் மாத்திரையை நிறுத்துவதும், ஊருக்குப் போகிறேன் என்று போய்ப் பாதியில் விடுவதும் இதனால்தான்.

அந்த மாத்திரையை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடுத்தால் என்ன? முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சிகிச்சையின்போது சிலருக்கு உடலெங்கும் வலிக்கும் முடிச்சுகளும் காய்ச்சலும் வரும். இறந்த கிருமிகளை உடல் எதிர்க்கும் எதிர்வினை அது. மருந்துதான் கெடுத்தது என்று நோயாளி நம்பிவிடும் கட்டம் அது. அந்த எதிர்வினையைத் தணிக்கும் குணமும் க்ளோஃபாசிமினுக்கு உண்டு.

முன்பு தேமல் குறைவாக உள்ளவர்களுக்கு க்ளோஃபாசிமின் இல்லாமல் இரண்டு மருந்துகளே ஆறு மாதம் கொடுத்தார்கள். தேமல் அதிகம் உள்ளவர்களுக்கு மூன்று மருந்துகள், ஓராண்டு. எல்லோருக்கும் மூன்றையும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. இந்தியா 2025-ல் அந்த முறைக்கு மாறியது. மருத்துவக் காரணம் நியாயமானது. ஆனால் இதுவரை நோயை எளிதாக மறைக்க முடிந்தவர்களுக்கும் இனி நிறம் மாறக்கூடும். இதை முதல் நாளிலேயே சொல்லி, மாறிய நிறம் திரும்பும் என்று நம்பவைக்கும் வேலை மாத்திரை அட்டைக்குள் இல்லை. அதைக் கொடுக்கும் கையில்தான் இருக்கிறது.

கூட இருப்பவர்களுக்கு ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் நோய் வரும் வாய்ப்பு குறையும் என்பதால் அதுவும் இப்போது திட்டத்தில் உண்டு. நல்ல யோசனை. ஆனால் பக்கத்து வீட்டாருக்கு மாத்திரை கொடுக்கப் போனால், எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள்.

பயத்துக்கு ஆதாரம் குறைவு. பெரும்பான்மையோருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவரால் பரவாது. விரல்கள் தாமாக உதிர்வதுமில்லை. உணர்ச்சி இழந்த கை, கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குகிறது, காயத்தைக் காயமென்று அறியாமல் போகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் இதை விளக்கிக் காட்டி, மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆனால் செத்த நரம்பை எந்த மருந்தும் எழுப்பாது. ஆகவே எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. தேமலோடு வந்தால் தேமலோடு போகும். மறைத்து மறைத்துக் கை மடங்கிய பிறகு வந்தால் கிருமி சாகும், கை நிமிராது.

செம்பூருக்குத் திரும்பிய சாயம்

டப்ளினில் காசநோய்க்காகப் பிறந்து தோற்ற க்ளோஃபாசிமினுக்கு மும்பையில் இப்போது இரண்டாவது வாழ்வு. எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயாளிகளைக் கண்டதாகத் தாராவியை அடுத்த மாஹிமின் ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2011 இறுதியில் எழுதியது உலகை அதிரவைத்தது. பழைய மருந்துகளையெல்லாம் மீண்டும் தூசி தட்ட வேண்டியதாயிற்று. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான நீண்டகாலச் சிகிச்சையில் முன்னுரிமை பெறும் மருந்துகளின் வரிசையில் 2018-ல் உலக சுகாதார நிறுவனம் க்ளோஃபாசிமினைச் சேர்த்தது. செம்பூரை ஒட்டிய கோவண்டிப் பகுதியில் காசநோயாளிகளும் அந்தச் சிவப்பு மருந்தை விழுங்கி, நிறம் மாறி, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

சட்டம் ஒருவழியாக இறங்கி வந்திருக்கிறது. 1898-ன் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு 2019-ல்தான் போயிற்று. கூட்டு மருந்து வந்து ஏறத்தாழ 37 ஆண்டுகள், குணமான ஒருவரைக்கூட அந்தக் காரணம் சொல்லி விலக்க வழி இருந்தது.

விதை, சாயம், பாசி, மண் என்று உலகின் மூலைகளிலிருந்து திரட்டிய மருந்து ஒரு சிறிய அட்டையில் அடங்கித் தாராவிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மீதியிருப்பது அந்த அறையின் வாசலிலிருந்து ஒரு கை நீளும் தூரம். அந்த வீட்டு அக்கா, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டையைக் கை நீட்டி வாங்கும் நாளில்தான் மாட்டுங்காவின் பழைய மதில் முழுதாக இடியும்.